மூன்றாம் ஓலையில் நான் எழுந்து நின்றது

நான் எழுந்து நின்றேன். உடனே சபை முழுவதும் எழுந்து நின்றது.

இப்படி ஒரு விபரீதம் நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை எண்ணி ஒரு வாரமாக விதவிதமாகப் பயந்து வைத்திருந்தேன். மயங்கி விழுவேன், குரல் வராது, கொசுவம் அவிழ்ந்துவிடும், எல்லாரும் சிரிப்பார்கள். இது மட்டும் என் கற்பனையில் வரவில்லை.

பெண்கள் பக்கம் வரிசை வரிசையாகப் பட்டுப்புடவைகள் சரசரத்து எழுந்தன. அந்துருண்டை வாசனை குப்பென்று கிளம்பியது. ஆண்கள் பக்கம் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. கீபோர்டு வாசிப்பவர், தான்தான் எதையோ மறந்துவிட்டோம் என்று பதறி, அடுத்த பாட்டின் முதல் அடியை வாசிக்கத் தொடங்கிவிட்டார். பாடகர் குழுவின் கடைசி வரிசையில் என் கணவர். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே தன் கட்டைக்குரலில் பாடவும் ஆரம்பித்தார்.

எங்கள் ஆராதனையில் எழுவதும் உட்காருவதும் ஏராளம். ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் காரணம் கேட்பதில்லை. தூங்கிவிட்டோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே!

நான் எழுந்ததோ பாட்டுப் பாட அல்ல. ஒரு கல்யாணத்தை நிறுத்த.

சைக்கிளும் ஒரு தடைதான்

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். ஓலை என்றால் பனையோலை அல்ல, அறிவிப்பு. இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்று ஆயர் கேட்பார்.

கேட்பார் என்பது ஒரு பேச்சுக்கு. கேள்விக்கும் அடுத்த அறிவிப்புக்கும் நடுவில் அரை மூச்சு அளவுதான் இடைவெளி. தடை சொல்ல வருகிறவர் அந்த அரை மூச்சுக்குள் எழுந்து, நின்று, பேசி முடிக்க வேண்டும். அதற்குள் ஆயர் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஊறுகாய் விற்பனைக்குப் போய்விடுவார்.

எனக்குத் தெரிந்து எங்கள் சபையில் அதுவரை ஒரே ஒருவர்தான் தடை சொல்லியிருந்தார். சேலையூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். நான் கல்யாணமாகி வந்த புதிது. மூன்றாவது ஓலை வாசித்ததும் எழுந்து, "கீது ஐயா, தடை கீது! மாப்ள எடுத்துகினு போன சைக்கிள் இன்னும் வரல!" என்றார். அன்றைய ஆயர் நிதானமானவர். சைக்கிள் விவாகத் தடையாகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, சாயந்தரத்துக்குள்ள விட்டுடுங்க" என்றார். கல்யாணம் நடந்தது. சைக்கிளும் வந்து சேர்ந்தது. பெடல் மட்டும் ஒன்று குறைவு என்று பேச்சு.

அதன்பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஓலை வாசிக்கிற ஞாயிறுகளில் கல்யாணப் பெண் ஆலயத்துக்கு வரமாட்டாள். கண்ணேறு படும் என்பார்கள் சிலர், வெட்கம் என்பார்கள் சிலர். ஊரில் எல்லாரையும் "தடை உண்டா?" என்று கேட்கிற நேரத்தில், அவள் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

மேல்மாடியும் மோட்டார் ஸ்விட்சும்

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய சமயம். சேலையூரில் கேம்ப் ரோடிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், செல்வமணி அண்ணன் வீட்டு மேல்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கணவருக்குக் கிண்டியில் வேலை. ஒரே மகள், ஜெனி.

செல்வமணி அண்ணனுக்கு ஹார்ட்வேர் கடை. சபைக்கு அவர்தான் செக்ரட்டரி. எங்களுக்கு வீட்டுக்காரர். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு அவர்தான் அதிபதி. மோட்டார் ஸ்விட்ச் அவர் வீட்டு வராந்தாவில் இருந்தது. தாம்பரம் பக்கம் அந்த நாளில் குடியிருந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

நல்ல மனிதர். ஜெனிக்கு மஞ்சள் காமாலை கண்டபோது, அடைமழையில் ஆட்டோ கிடைக்காமல் நான் அழுதுகொண்டு நிற்க, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஆஸ்பத்திரிவரை நடந்தவர் அவர். அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் பிற்பாடு எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவருடைய மனைவி எலிசபெத். மகள் பியூலா. அவளும் ஜெனியும் ஒரே வயது. இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல, சபைக்கே தெரியும். இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே ஞாயிற்றில்தான் ஞானஸ்நானம். அன்று காலையில் பியூலா தன் லேஸ் வைத்த கவுனை உபயோகிக்க முடியாதபடி பண்ணிவிட்டாள். ஜெனிக்கு ஞானஸ்நானம் ஆனவுடன் அவள் கவுனைப் பக்கத்து அறையில் அவசரமாகக் கழற்றி, ஈரத்தோடு பியூலாவுக்கு மாட்டிக் கொண்டுபோனோம். ஜெனி ஜட்டியோடு என் மடியில். "ஒரே கவுனில் இரண்டு ஆத்துமா" என்று ஆயரே சிரித்தார். வருஷக்கணக்கில் அந்தக் கதை சபையில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பெண்களும் அப்போது ஒரே பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ. ஜெனிக்குப் பதினேழு வயது. ஆகவே பியூலாவுக்கும் பதினேழு. இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு டீச்சர் தேவையில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு மஸ்கட்டிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் பியூலாவைப் பார்த்தார்கள். பொங்கல் முடிந்ததும் முதல் ஓலை. ஆயர் எங்கள் சபைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர். செக்ரட்டரி சொன்னதை எழுதிக்கொண்டு, "வயது பத்தொன்பது" என்று வாசித்தார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். பக்கத்தில் தங்கம் அக்கா. பியூலாவுக்கு மாட்டிய கவுனைத் தைத்ததே அவர்தான். கண்ணை மூடி ஜெபத்தில் இருப்பதுபோல் இருந்தார். ஜெபம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

கெமிஸ்ட்ரி பிராக்டிகல்

அன்று மத்தியானம் மாடிப்படியில் பியூலா உட்கார்ந்திருந்தாள். கையில் புத்தகம், கண்ணில் புத்தகம் இல்லை.

"ஆன்ட்டி, என் கல்யாணத் தேதி என்னன்னு தெரியுமா? கெமிஸ்ட்ரி பிராக்டிகல் அன்னிக்கு."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'பொறவு எழுதிக்கலாம், மஸ்கட்ல இல்லாத கெமிஸ்ட்ரியா'ன்றாரு. அம்மாகிட்ட சொன்னா அழுவுறாங்க. யார் சமாதானம் பண்றது? நான்தான் பண்றேன்."

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"சர்ச்ல எல்லாரையும் கேக்குறாங்க இல்ல, தடை இருக்கான்னு? எனக்கு இருக்கு ஆன்ட்டி. நான் வரக்கூடாதாம்."

செல்வமணி அண்ணனிடமே பேசிவிடுவது என்று கீழே போனேன். அவர் வாசலில் வாட்டர் டேங்க் குழாய்க்கு வாஷர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பியூலாவுக்கு இன்னும் வயசு..."

"பதினெட்டு நடக்குது டீச்சர்."

"பத்தொன்பதுன்னு வாசிச்சாங்களே?"

"பதினெட்டு நடந்தா அடுத்தது இன்னா? பத்தொன்பதுதான? நல்ல எடம் டீச்சர். விட்டா கெடைக்காது." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்பறம், நீங்கதான் வாழ்த்துப்பா எழுதணும். ஃபிரேம் போட்டு மேடையில குடுக்கணும். என் பொண்ணுக்கு வேற யாரு எழுதறது?"

நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

பயந்தவர்களின் வாழ்க்கையில் இப்படித்தான் நடக்கும். மறுக்கப் போவோம், ஒரு வேலையை ஏற்றுக்கொண்டு திரும்புவோம். அந்த வாரமே ஆயரிடம் தனியாகச் சொல்லலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். அங்கே செல்வமணி அண்ணன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். "வாங்க டீச்சர், ஒங்களப் பத்திதான் பேசிகினு இருந்தோம்" என்றார். திரும்பும்போது மேடை அலங்காரமும் என் பொறுப்பாகியிருந்தது.

ஊர் வம்பு

என் பயம் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். தாம்பரம் லெவல் கிராசிங்கில் கேட் திறந்திருந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு வானத்தையும் பார்த்துக் கடக்கிறவள் நான். விமானப்படை விமானங்கள் பறக்கிற ஊரில் அது ஒன்றும் தவறில்லை.

கணவரிடம் சொன்னேன். "நமக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார். "அட்வான்ஸ் குடுத்து வேற வீடு பிடிக்கணும். ஜெனிக்குப் பரீட்சை. தண்ணிக்கு எங்க போவ?" எல்லாமே நியாயமான கேள்விகள். இதில் ஒன்றைக்கூட நான் ஏற்கெனவே நினைக்காமல் இல்லை.

எங்கள் பொதுப் பாவ அறிக்கையில், செய்த தப்புகளோடு, செய்யாமல் விட்டவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிற இடம் ஒன்று உண்டு. செய்த தப்புகள் எனக்குக் குறைவு, ஏனென்றால் தப்புச் செய்யவும் தைரியம் வேண்டும். செய்யாமல் விட்டவை வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். இரண்டாம் ஓலை ஞாயிற்றில் அந்த இடம் வந்தபோது, குரலைத் தாழ்த்தினேன் என்பதுகூட இல்லை, குரலே வரவில்லை. மண்டபம் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடவுள் இவ்வளவு நாளாக எங்கள் எல்லாரையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது.

ஓலை வாசித்தபோது வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. தங்கம் அக்கா கைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது என் கையை அழுத்தினார். அவருக்குத் தெரிந்திருந்தது.

வாழ்த்துப்பா எழுத உட்கார்ந்தால் "வாழிய" என்ற சொல்லுக்குமேல் பேனா நகரவில்லை. ஜெனி எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, ஒரே வார்த்தையா? ரொம்ப சின்ன ஃபிரேமா?"

"பயமா இருக்குடி."

"யாரு கிட்ட?"

"எல்லார் கிட்டயும்."

"சரி, பயந்துகிட்டே சொல்லு. பயப்படாமதான் சொல்லணும்னு யாராவது சொன்னாங்களா?" என்றாள். போகப் போனவள் திரும்பி வந்தாள். "பியூலா பிராக்டிகல் நோட்டை எனக்குக் குடுத்துட்டாம்மா. 'இனி எனக்கு எதுக்கு, நீ படம் பாத்து வரைஞ்சுக்கோ'ன்னு."

பேனாவை மூடி வைத்தேன்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள்

மூன்றாம் ஓலை. ஆயர் கேட்டார். அரை மூச்சு. நான் எழுந்தேன். மேலே சொன்னபடி சபையும் எழுந்தது. கீபோர்டு ஒலித்தது. என் கணவர் பாடினார்.

அந்தப் பாட்டின் முதல் அடி முடிகிறவரைக்கும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? கடவுளே என்னைத் தப்புவித்துவிட்டார் என்றுகூட நினைத்தேன். நானும் இரண்டு சொல் பாடினேன் என்று தங்கம் அக்கா பின்னால் சொன்னார். எனக்கு நினைவில்லை.

ஆயர் பாவம், கையிலிருந்த தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தெற்கிலிருந்து வந்தவர். தாம்பரத்தில் ஓலைக்கு எழுந்து நின்று பாடுவது வழக்கம்போல இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தாராம். பிறகு இரண்டு கையையும் தாழ்த்தி, "உட்காருங்க, உட்காருங்க" என்றார்.

கீபோர்டு நின்றது. பட்டுப்புடவைகள் சரசரவென்று இறங்கின. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

நான் உட்காரவில்லை.

உட்காரக் கூடாது என்று உறுதியாக நின்றதாகச் சொன்னால் அது பெருமை. முழங்கால் மடங்கவில்லை, அதுதான் உண்மை. முன்வரிசையில் சஃபாரி சூட்டில் செல்வமணி அண்ணன் மெதுவாகத் திரும்பினார். மழையில் என் மகளைச் சுமந்த தோள் திரும்பியது.

"டீச்சர், எதாவது...?" என்றார் ஆயர்.

"தடை இருக்குங்க ஐயா." யாருடைய குரலோ போல் இருந்தது. "பியூலாவுக்குப் பதினெட்டு இன்னும் முடியல. என் பொண்ணுக்கும் அவளுக்கும் ஒரே நாள் ஞானஸ்நானம். இங்கதான், இந்த சர்ச்லதான். அவளுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமும் இல்ல. அதை அவளே சொல்லுவா, இங்க வர விட்டா."

பக்கத்திலிருந்து தங்கம் அக்கா, தன் காது மந்தம் என்பதால் எல்லாருக்கும் கேட்கிற ரகசியக் குரலில், "நான் போன வாரமே சொன்னேனே!" என்றார்.

"யாருகிட்ட சொன்னீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"இவங்க கிட்ட" என்று பின்வரிசையைக் காட்டினார்.

"நான் எங்க வீட்ல சொன்னேன்" என்றது பின்வரிசை.

"எங்க வீட்லயும் பேசினோம்" என்றது ஆண்கள் பக்கம். விஷயம் இதுதான். சபையில் எல்லாருமே பேசியிருந்தார்கள். கேட்ட இடத்தில் மட்டும் பேசவில்லை.

ஆயர் தாளை மடித்தார். "இந்த ஓலை நிறுத்திவைக்கப்படுகிறது" என்றார். அன்று ஊறுகாய் விற்பனையை அறிவிக்க மறந்துவிட்டார்.

பக்கத்து அறையில்

ஆராதனை முடிந்ததும் ஆயரின் அறையில் நாங்கள் மூன்று பேர். ஆயர் இளைஞர்தான், ஆனால் தெளிவாகச் சொன்னார். "அண்ணே, சட்டமும் ஒத்துக்காது, சபையும் ஒத்துக்காது. நான் இந்தக் கல்யாணத்த நடத்தி வைக்க மாட்டேன்."

செல்வமணி அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், என் வூட்லயே இருந்துகினு? வாழ்த்துப்பா எழுதச் சொன்னா, வழக்கு எழுதிட்டீங்க."

நான் புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தீபாவளிக்கு எனக்கு நெஞ்சு வலிச்சிது. எலிசபெத்துக்குக்கூடச் சொல்லல. எதுனா ஒண்ணு ஆயிட்டா பியூலாவ யாரு பாத்துப்பா? அதுக்குத்தான இவ்ளோ அவசரம்." சஃபாரி சூட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினார். அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதற்கு நான் தயாராக வரவில்லை.

"நாங்க இருக்கோம் அண்ணே. மேல்மாடியிலதானே இருக்கோம்."

"இனிமே இருக்க மாட்டீங்க" என்றார்.

அஸ்தினாபுரத்துக்கு

அன்று சாயங்காலமே மோட்டார் ஓடவில்லை. மூன்று பேரும் தெருக்குழாயில் குடம் பிடித்தோம். கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நான் வேற பாடிட்டேன்" என்று மட்டும் அவ்வப்போது வருத்தப்பட்டார். மாதம் முடிவதற்குள் அஸ்தினாபுரத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. தண்ணீர் உப்பு. ஆனால் ஸ்விட்ச் எங்கள் சுவரில்.

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க முடியாது என்று வேறு இடம் பார்த்தார்கள். சபையில் சிலர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார்கள். சிலர் வந்து கையைக் குலுக்கி, "நல்ல காரியம் பண்ணீங்க" என்று காதோடு சொன்னார்கள். இப்போதும் காதோடுதான்.

தைரியம் வந்துவிட்டதா என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை. இன்றைக்கும் எந்தச் சபையிலாவது ஓலை வாசித்தால் எனக்கு வியர்க்கிறது. முன் பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறேன். யாராவது எழுந்துவிடுவார்களோ என்று பயம், யாரும் எழாமல் இருந்துவிடுவார்களோ என்றும் பயம்.

பியூலா பிராக்டிகல் எழுதினாள் என்று ஜெனி வந்து சொன்னாள். உப்பைச் சரியாகக் கண்டுபிடித்தாளாம்.

பிறகு பொதுப்பரீட்சை. கெமிஸ்ட்ரி அன்று காலையில் ஜி.எஸ்.டி. ரோடு பஸ் ஸ்டாப்பில் நானும் ஜெனியும் நிற்கிறோம். பஸ் வரவில்லை. வந்த ஒன்றும் நிற்கவில்லை. நான் வழக்கம்போல் அழத் தயாராகிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. செல்வமணி அண்ணன். பின்னால் பியூலா, மடியில் பரீட்சை அட்டை. அவ்வளவு நாள் கழித்து அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடி ஜெனியிடம், "ஏறு. டைம் ஆவுது" என்றார்.

பியூலா முன்னால் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஜெனி ஏறினாள்.

ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர். ஜி.எஸ்.டி. ரோடில், லாரிகளுக்கு நடுவில். ஆபத்து. சட்டப்படி தப்பு. தப்பென்று தெரிந்தால் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

செல்வமணி அண்ணன் இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா டீச்சர்," என்றார், "எதுனா தடை கீதா?"

"ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். "மெதுவா போங்க."